தண்ணீர் இருந்தால் போதும், இலை எவ்வளவு ஒளியையும் தாங்குமா?

நிழல்விரும்பி | 4 மார்ச், காலை

சன்னலோரம் மாதக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டிச்செடி. இலையெல்லாம் கண்ணாடிப் பக்கமே திரும்பி நின்றது. வெளிச்சத்துக்கு இவ்வளவு ஏங்குகிறதே என்று முழு வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். தண்ணீரும் தவறாமல் ஊற்றினேன். இரண்டே நாளில் மேல் இலைகள் திட்டுத்திட்டாக வெளிறிவிட்டன. தண்ணீர் இருக்கும்வரை ஒளி அதிகமாவது என்ற பேச்சே கிடையாது, சூடுதான் காரணம் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வெளிச்சத்தைத் தேடித் திரும்புகிற இலையை வெளிச்சமே எப்படிக் கெடுக்கும்?

இலைநரம்பு | 4 மார்ச், மாலை

கெடுக்கும். தினமும் கெடுக்கிறது, இலையும் தினமும் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால், உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழும். அறைக்குள் சன்னலைவிட்டுத் தள்ளிப்போனால் 20-ஐ எட்டுவதே அரிது. கண் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடுவதால் நமக்கு இரண்டுமே 'வெளிச்சம்'. இலைக்கு இது நூறு மடங்கு வித்தியாசம்.

நிழலில் வளர்ந்த இலையின் ஒளிச்சேர்க்கை பல இனங்களில் 200-க்குள்ளேயே உச்சத்தை எட்டிவிடும். அதற்கு மேல் விழும் ஒளியையும் பச்சையம் உறிஞ்சத்தான் செய்யும், 'போதும்' என்று நிறுத்த அதற்குத் தெரியாது. செலவாகாத அந்த ஆற்றல் ஆக்சிஜனுக்குத் தாவி அதை வெறிபிடித்த வடிவங்களாக மாற்றுகிறது. முதலில் அடிபடுவது, ஒளியைப் பிடித்து வேலைக்கு மாற்றும் புரதத் தொகுதிகளில் ஒன்றான இரண்டாம் ஒளியமைப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும் டி1 என்ற புரதம். மிதமான ஒளியில்கூட இது உடைவதும் புதிதாகச் செய்து பொருத்தப்படுவதும் ஓயாமல் நடக்கிறது. உடையும் வேகம் பழுதுபார்க்கும் வேகத்தைத் தாண்டும்போதுதான் இலை வெளிறுகிறது. தண்ணீர் ஊற்றுவதால் இந்தக் கணக்கு மாறாது.

இலைநரம்பு | 4 மார்ச், இரவு

சூடா ஒளியா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வெளிறிய இலையின் மேல் இன்னொரு இலை கவிந்திருந்த இடத்தைத் தேடுங்கள். மேலே இருந்த இலையின் விளிம்பு அச்சு எடுத்ததுபோல் விழுந்து, மறைந்திருந்த பகுதி மட்டும் பச்சையாகவே இருந்தால் முதல் குற்றவாளி ஒளி. காற்றின் சூடு அவ்வளவு கூர்மையாகக் கோடு கிழிக்காது.

இலைநரம்பு | 5 மார்ச், மதியம்

நிழல்விரும்பி படம் போட்டிருக்கிறார், கோடு துல்லியமாகத் தெரிகிறது. சரி, ஒளிதான்.

அவர் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு நேற்று பதில் சொல்லவில்லை. தேடித் திரும்புகிற இலை ஏன் தாங்கவில்லை? ஏனென்றால் ஒளியை உண்ணும் கருவி வேறு, ஒளி எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வருகிறது என்று அறியும் கருவி வேறு. முதலாவது பச்சையம். இரண்டாவது வேலைக்குத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவை இலையை ஒளிப் பக்கம் திருப்பும் வேலையோடு, ஒளியிலிருந்து ஒதுங்க வைக்கும் வேலையையும் செய்கின்றன. இந்த இரண்டாவது பாதியைப் பள்ளிப் பாடங்கள் சொல்வதே இல்லை, எனக்கு அதில் தீராத ஆதங்கம்.

சில ஆண்டுகள் நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் இலைகளை ஊடுருவி வரும் ஒளியை அளந்துகொண்டிருந்தேன். இருட்டில் வைத்திருந்த இலையின் மேல் மங்கலான நீல ஒளியைப் போட்டால், ஊடுருவி வரும் ஒளி மெல்லக் குறையும். நீலத்தைப் பலமாக ஏற்றினால் வரைகோடு முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு எதிர்த்திசையில் ஏறத் தொடங்கும், இலை முன்பைவிடக் கண்ணாடித்தன்மை அடைந்துவிடும். செல்லுக்குள் பச்சையத்தைச் சுமக்கும் சிறு உறுப்புகளான பசுங்கணிகங்கள் இடம்பெயர்வதுதான் காரணம். மங்கலான ஒளியில் அவை செல்லின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பரவி நின்று ஒளியை வாங்குகின்றன. கடும் ஒளியில் பக்கச் சுவர்களுக்குப் போய், ஒன்றன் நிழலில் ஒன்று நிற்கின்றன. வேகம் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். பசுங்கணிகமே சுமார் ஐந்து மைக்ரோமீட்டர் என்பதால், தன் உடல்நீளத்தைக் கடக்கவே அதற்குச் சில நிமிடம் ஆகும். அந்தக் கோடு ஏறுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மெல்லிய இலை ஒன்றைச் செடியிலிருந்து பறிக்காமல், குறுகிய கீறல் போட்ட கறுப்புத் தாளால் மூடி வெயிலில் ஒரு மணி நேரம் போல வையுங்கள். தாளை எடுத்ததும் கீறல் இருந்த இடம் வெளிர்பச்சைப் பட்டையாகத் தெரியும். இது நிழல்விரும்பியின் செடிக்கு நேர்ந்த வெளிறல் இல்லை. மங்கலான இடத்தில் வைத்தால் கணிகங்கள் திரும்பி வந்து பட்டை மறைந்துவிடும்.

ஜப்பானில் மசாமிட்சு வாடாவின் குழு ஒளிக்கு ஒதுங்காத செடிகளைத் தேடியது இதே எளிய உத்தியால்தான். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் சிறு கடுகினச் செடியான அராபிடாப்சிஸைப் பெரும் எண்ணிக்கையில் எடுத்து, அதன் இலைகளில் கீறல் வழியே பலமான ஒளியைப் பாய்ச்சி, வெள்ளைப் பட்டை விழாத செடியைப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படிச் சிக்கிய செடிகளில் ஒதுங்கலுக்கான ஒளியுணரி பழுதாகியிருந்தது. 2002-இல் அதே குழுவினர் அடுத்த கேள்விக்கும் விடை தந்தார்கள்: ஒதுங்க முடியாத செடிக்கு என்ன ஆகும்? பலமான ஒளியில் மணிக்கணக்கில் வைத்தபோது சாதாரணச் செடி தாக்குப்பிடித்தது. ஒதுங்கத் தெரியாத செடியின் இலைகள் வெளுத்துச் செத்தன.

இலைநரம்பு | 5 மார்ச், இரவு

'மஞ்சள்தேரை' கேட்டிருக்கிறார்: அளப்பதற்கும் ஒளி வேண்டுமே, அந்த ஒளியே கணிகங்களை நகர்த்திவிடாதா?

நகர்த்தும். அதனால்தான் அளக்கும் கற்றையைச் சிவப்பில் வைப்போம். அராபிடாப்சிஸின் பசுங்கணிகம் சிவப்பைக் கேட்டு இடம் மாறாது. நுண்ணோக்கியிலும் இதே தொல்லைதான்: வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டு நிதானமாகக் குவியம் சரிசெய்தால், நீங்கள் பார்க்க வந்த அமைப்பு அதற்குள் கலைந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது விளக்கை அணைத்துவைக்கும் பழக்கத்தைத்தான்.

இலைநரம்பு | 7 மார்ச், காலை

அந்த ஒளியுணரியைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டிருந்தீர்கள். இதில் வின்ஸ்லோ பிரிக்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வராது.

ஒளிப் பக்கம் வளைவது பற்றி 1880-லேயே சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் சோதித்திருந்தார்கள். புல் நாற்றின் நுனியை மூடினால் அது வளையவில்லை. உணர்வது நுனி, வளைவது கீழே, ஆகவே நுனியிலிருந்து ஏதோ இறங்கிவருகிறது. அந்த 'ஏதோ' ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் என்று 1920-களில் பிரிட்ஸ் வெண்ட் காட்டினார். அடுத்த சண்டை: வெளிச்சப் பக்கத்து ஆக்சினை ஒளி அழித்துவிடுகிறதா, அல்லது ஆக்சின் இருட்டுப் பக்கம் இடம்பெயர்கிறதா? 1957-இல் பிரிக்ஸும் கூட்டாளிகளும் மக்காச்சோள நாற்றின் நுனியை மெல்லிய தடுப்பால் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முழுக்கத் தடுத்தால் இரு பக்கமும் ஆக்சின் சமமாக இறங்கியது. நுனியில் கொஞ்சம் இணைப்பு விட்டுவைத்தால் இருட்டுப் பக்கம் அதிகமாக இறங்கியது. மொத்த அளவோ ஒளியிலும் இருட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, ஆக்சின் இடம்பெயர்கிறது. ஒரு தடுப்புத் தகடு தீர்த்துவைத்த வழக்கு.

சரி, ஒளியை வாங்குவது யார்? இதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. நீல ஒளி பட்டதும் பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும் ஒரு சவ்வுப் புரதத்தை 1988-இல் பட்டாணி நாற்றில் பிரிக்ஸின் குழு பார்த்தது. 1995-இல் நீல ஒளிக்கு வளையாத அராபிடாப்சிஸ் செடிகள் கைக்கு வந்தன, 1997-இல் அவற்றில் பழுதான மரபணு தெரிந்தது, 1999-இல் அந்தப் புரதம் ஃபோட்டோட்ரோபின் என்று பெயர் பெற்றது. தடுப்புத் தகட்டுச் சோதனை செய்த அதே மனிதர், நாற்பது ஆண்டு கழித்தும் அதே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 2019-இல் 90 வயதில் இறந்தார்.

புரதம் வேலை செய்யும் விதமும் அழகு. உள்ளே ஃப்ளேவின் என்ற சிறு மூலக்கூறு தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் பி2-வின் உறவு அது. நீல ஒளித்துகள் ஒன்று பட்டதும் பக்கத்திலிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு அது வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது, மைக்ரோநொடிகளில். அதனால் புரதம் நெளிந்து, பூட்டியிருந்த அதன் நொதிப்பகுதி திறக்கிறது. இருட்டில் விட்டால் பிணைப்பு தானே அவிழ்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். அராபிடாப்சிஸில் இது இரண்டு வகை. முதலாவது மிக மங்கலான ஒளிக்கே விழித்துக்கொள்ளும். இரண்டாவதற்குப் பலமான ஒளி வேண்டும், பசுங்கணிகத்தை ஒதுங்கவைப்பது பெரும்பாலும் அதுதான். காலையில் இலைத்துளைகளைத் திறக்கவும் இலைப்பரப்பைத் தட்டையாக விரித்துவைக்கவும் இந்த இரண்டும் உதவுகின்றன, ஒன்று இல்லாவிட்டால் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டும். இரண்டும் இல்லாத செடியின் இலைகள் ஓரம் சுருண்டு கிடக்கும்.

இலைநரம்பு | 7 மார்ச், மாலை

மேலே சொன்னது அராபிடாப்சிஸுக்கு. எல்லாச் செடிக்கும் அப்படியே பொருத்த வேண்டாம். பெரணிகள் பலவற்றில் சிவப்புக்கும் பசுங்கணிகம் நகரும். அவற்றில் சிவப்பை உணரும் ஃபைட்டோகுரோமின் முன்பாதியும் ஃபோட்டோட்ரோபினும் ஒட்டிய ஒரு கலப்புப் புரதம் இருக்கிறது. இந்த மரபணு, பாசி போன்ற சிறு நிலத்தாவரங்களான கொம்புப்பாசிகளிலிருந்து பெரணிகளுக்குத் தாவியது என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. மரங்களுக்கு அடியில் மங்கலில் வாழும் செடிக்கு எந்த நிறத்தில் வந்தாலும் ஒளி ஒளிதான்.

இலைநரம்பு | 10 மார்ச், காலை

பச்சை ஒளி பற்றி இங்கே பேச்சு சூடாகிவிட்டது. 'இலை பச்சையைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் பச்சையாகத் தெரிகிறது, ஆகவே பச்சை ஒளி வீண்' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி ஓரளவு சரி, முடிவு தவறு. பெரும்பாலான பச்சை இலைகள் பச்சை ஒளியிலும் 70 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சுகின்றன. சிவப்பிலும் நீலத்திலும் 90-ஐ ஒட்டி உறிஞ்சுகின்றன. மிச்சமாகும் அந்தச் சிறு வேறுபாடுதான் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது.

கரைசலாகப் பிழிந்த பச்சையம் பச்சையை விட்டுவிடுவது உண்மை. இலை கரைசல் இல்லையே. செல்களுக்கு இடையில் காற்று, செல்லுக்குள் நீர். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி சிதறுகிறது. சிதறிச் சிதறி இலைக்குள் அது போகும் பாதை நீள்கிறது, முதலில் தப்பிய பச்சை எங்கோ ஒரு கணிகத்தில் மாட்டிக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் மேல்தட்டிலேயே செலவாகிவிட, பச்சைதான் உள்தட்டுக் கணிகங்கள் வரை போய்ச் சேருகிறது. வெயில் பலமாக இருந்து மேல்தட்டு நிரம்பிவிட்ட நேரத்தில், கூடுதலாகச் சேர்க்கும் பச்சை ஒளி கூடுதலாகச் சேர்க்கும் சிவப்பைவிட அதிக ஒளிச்சேர்க்கையைத் தருகிறது என்று 2009-இல் இச்சிரோ தெராஷிமாவின் குழு அளந்து காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த அளவீடுகளில் இது ஒன்று.

இலைநரம்பு | 10 மார்ச், சற்று நேரம் கழித்து

காற்று இடைவெளி பற்றி எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் ஃபான்கவுசரின் குழு 2023-இல் வெளியிட்டது. அராபிடாப்சிஸ் நாற்று ஒன்றின் தண்டு விநோதமாகத் தெளிந்து கண்ணாடிபோல் இருந்தது. செல்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிரம்பியிருந்தது. அந்த நாற்றால் ஒளிப் பக்கம் சரியாக வளைய முடியவில்லை! ஒளி சிதறாமல் நேராகப் பாய்ந்து மறுபுறம் போய்விடுவதால் வெளிச்சப் பக்கத்துக்கும் இருட்டுப் பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் மங்கிவிடுகிறது. ஒளியுணரி இருந்தாலும், திசை தெரிய உடலுக்குள் ஒரு நிழல் விழவேண்டும்.

மஞ்சள்தேரை 'செடிக்குக் கண் எங்கே இருக்கிறது' என்று கேட்டதற்கு என்னால் சொல்லக்கூடிய நல்ல பதில் இதுதான். தனியாக வில்லை எதுவும் வேண்டியதில்லை, முழு உடலும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. இலையின் மேல்தோல் செல்கள் குவிந்திருப்பதால் வில்லை போல ஒளியைக் குவிக்கின்றன என்று நூறாண்டுக்கு முன்பே ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் சொன்னார். அவை குவிக்கத்தான் செய்கின்றன, பின்னாளில் அளந்தும் பார்த்துவிட்டார்கள். திசையை அறிய அது வேண்டும் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

இலைநரம்பு | 13 மார்ச், இரவு

அவரை இனத்துச் செடிகளில் இலைக்காம்பு இலையோடு சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதன் ஒரு பக்கச் செல்கள் பொட்டாசியத்தையும் நீரையும் வாங்கி வீங்க, மறுபக்கம் விட்டுத் தளர, இலை அப்படியே திரும்பும். வளர்ச்சியால் வளைவது ஒருமுறை நடந்தால் அந்தத் தடம் தங்கிவிடும். இந்தப் புடைப்பு போடும் திருப்பம் நாளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் இலைகள் பரப்பை வெயிலுக்குக் காட்டுகின்றன. உச்சியில், குறிப்பாக மண் காய்ந்திருக்கும்போது, விளிம்பை வெயிலுக்குக் காட்டி ஒதுங்குகின்றன. கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி நாள் முழுக்கப் படமெடுத்து வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, மதியம் எல்லா இலைகளும் சொல்லிவைத்தாற்போல் நிமிர்ந்து மடங்கியதைக் கண்டேன். செல்லுக்குள் கணிகம் செய்யும் அதே காரியத்தை இங்கே முழு இலை செய்கிறது.

இலைநரம்பு | 14 மார்ச், காலை

இரவெல்லாம் யோசித்ததில் மேலே உள்ள கடைசி வரியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று தோன்றுகிறது. நோக்கம் ஒன்று போலத் தெரிந்தாலும் காலக்கணக்கு வேறு. இலை திரும்பவும் கணிகம் ஒதுங்கவும் பல நிமிடங்கள் தேவை. மேகம் விலகி வெயில் அடிப்பதோ சில நொடியில். அந்த இடைவெளியில் காப்பது கணிகத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு ஏற்பாடு: மிகையான ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடுவது. வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சியாசாந்தினாக மாறுவதும், ஒரு சிறு புரதம் கணிகத்தின் உள்ளே கூடும் அமிலத்தை உணர்வதும் சேர்ந்து அதை இயக்குகின்றன. இது சீக்கிரம் விழித்துக்கொள்ளும், ஆனால் மெதுவாகத்தான் அடங்கும். மேகம் மறைத்த பிறகும் சில நிமிடங்களுக்கு இலை நல்ல ஒளியை வெப்பமாக வீணடித்துக்கொண்டிருக்கும்.

இலைநரம்பு | 14 மார்ச், மாலை

'அப்படியானால் அதை வேகமாக அடங்க வைத்தால் விளைச்சல் கூடாதா?' என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். செய்து பார்த்துவிட்டார்கள். இல்லினாயில் ஸ்டீபன் லாங்கும் பெர்க்லியில் கிருஷ்ணா நியோகியும் சேர்ந்து புகையிலையில் மூன்று மரபணுக்களைக் கூட்டினார்கள். 2016-இல் வந்த முடிவு: வயலில் செடியின் உலர் எடை சுமார் 15 விழுக்காடு உயர்ந்தது. 2022-இல் சோயாவிலும் விளைச்சல் உயர்வைக் காட்டினார்கள். ஆனால் அதே மாற்றத்தை அராபிடாப்சிஸில் செய்த ஒரு ஜெர்மன் குழுவுக்கு 2020-இல் கிடைத்தது நேர் எதிர், வளர்ச்சி குறைந்துவிட்டது.

என் கருத்து: இந்த ஆய்வுகள் மதிப்பு மிக்கவை. ஆனால் இவற்றை வைத்து 'செடி தேவையில்லாமல் பயப்படுகிறது, நாம் திருத்துவோம்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு செடியின் காப்பு வேகம், அது வாழ்ந்த இடத்தில் ஒளி எப்படி மின்னி மறைந்தது என்பதோடு பொருந்தி வந்தது. நெருக்கமாக நட்டு, நீரும் உரமும் குறையாமல் தரும் வயலில் வேறு ஒரு வேகம் நல்லதாக இருக்கலாம். குளிரோ வறட்சியோ சேர்ந்துகொள்ளும் நாளில் பழைய நிதானம்தான் இலையைக் காப்பாற்றும். எந்தச் செடி, எந்த ஒளி என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக இதற்குப் பதில் கிடையாது.

இலைநரம்பு | 19 மார்ச், காலை

நிழல்விரும்பி, வெளிறிய இலைகளையெல்லாம் வெட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். காகிதம்போல் காய்ந்த திட்டுகள் மீளாதுதான். பச்சை மிச்சமிருக்கும் இடம் இன்னும் வேலை செய்கிறது. செடியை இப்போதைக்குச் சன்னலுக்கே கொண்டுபோங்கள். பிறகு காலை வெயில் மட்டும் படும் இடத்தில் கொஞ்ச நேரம், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நிழலில் விரிந்து முடிந்த இலை தன் தடிமனை மாற்றிக்கொள்ளாது. மாற்றம் இனி வரும் இலைகளில்தான். மேல்பக்கம் நெருக்கமாக நிற்கும் நீள் செல்கள் அவற்றில் கூடுதல் அடுக்காகவோ கூடுதல் உயரமாகவோ அமையும்.

பழைய இலைகளை விட்டுவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001-இல் யானோவும் தெராஷிமாவும் ஒரு கீரையினச் செடியில் முதிர்ந்த இலைகளையும் குருத்தையும் தனித்தனியாக மூடிப் பார்த்தார்கள். குருத்துக்கு எத்தனை அடுக்கு நீள் செல்கள் என்பதைத் தீர்மானித்தது குருத்தின் மேல் விழுந்த ஒளி இல்லை, முதிர்ந்த இலைகளின் மேல் விழுந்த ஒளி. வெளியே வெயில் எப்படி என்ற சேதியை அடுத்த இலைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது நீங்கள் வெட்ட நினைக்கும் அந்தப் பழைய இலைகள்தான். புது இலை ஒன்றிரண்டு முழுசாக விரியட்டும், அதுவரை கத்தரியை எடுக்காதீர்கள்.